உப்பு வைக்காத இலை

மரவாடிக்காரர் வீட்டில் யாரும் பேசாமல் சோறு போடுவதில்லை. இலையோ தட்டோ, முதலில் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு விழ வேண்டும். தண்ணீர் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். சோறு விழும்போது, பரிமாறுகிறவர் வாயைத் திறந்து 'சாப்பிடுங்க' என்று சொல்லியாக வேண்டும். வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. கல்யாணமான புதிதில் மரவாடிக்காரரின் மனைவி அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரமும் வேளை தவறாமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு 'சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பேசாமல், உப்பு வைக்காமல், தண்ணீரை இடப்பக்கம் வைத்து, கைகூப்பிப் பின்னால் நகர்ந்து நிற்பது என்று ஒன்று உண்டு. அப்படிப் பரிமாறப்படுகிறவர் உயிரோடு இருக்கமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த இலை மரவாடிக்காரருக்கே விழுந்தது.

அன்று காலையில்தான் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். மரவாடியில் நின்று தேக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடைப்பு என்றார்கள். எடுத்தாயிற்று என்றார்கள். படுக்கையில் கிடந்தபடியே அவர் போட்ட முதல் உத்தரவு, விஷயம் வெளியே போகக்கூடாது என்பதுதான்.

"கேட்டா வெளியூர் போயிருக்கார்னு சொல்லுங்க. மரவாடி முதலாளி படுத்துட்டான்னு தெரிஞ்சா நாளைக்கே நாலு பேர் விலை பேச வந்துடுவானுங்க. நம்ம வீட்டு நோவு நம்ம வாசலைத் தாண்டக் கூடாது."

யாரும் தாண்டவிடவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா சொன்னால் சொன்னது.

ஒரு வாரமாக விடாத மழை. முற்றத்தில் அடுக்கியிருந்த கட்டைகளெல்லாம் தண்ணீர் குடித்துக் கறுத்துக் கிடந்தன. ஈர மரத்தூளின் புளித்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. காரை விட்டு இறங்கிய மரவாடிக்காரர் வீட்டுக்குள் போகாமல், ஒரு கட்டையின் வெட்டுமுகத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஊறிப்போச்சு. தார்ப்பாயை இழுத்து மூட ஒருத்தனுக்கும் கை வரலை."

"மரம் கிடக்கட்டும். மனுஷன் முதல்ல உள்ள வாங்க," என்றாள் மனைவி.

அவருடைய முதல் சாப்பாட்டைத் தானே முழுக்கச் சமைப்பேன் என்று மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மருமகள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. அவளுடைய அம்மா நர்ஸ். இரவும் பகலும் மாறி மாறி வேலை. பெண் வளர்ந்ததெல்லாம் கடைப் பொட்டலத்தில். வந்த புதிதில் அவள் வைத்த ரசத்தை வாயில் விட்டுப் பார்த்த மாமியார், "பரவாயில்லை, கொதிக்க வெச்சிருக்கே," என்று மட்டும் சொன்னாள். அதற்கு அடுத்த மாதம் மருமகள் சமையல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

அந்த ஊரில் இருப்பது ஒரே வகுப்பு. ஹோட்டல் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போகிறவர்கள்தான் அங்கே அதிகம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தியச் சாப்பாடு சமைத்துப் போட வேண்டியவர்கள் என்பதால், டீச்சர் ஒரு முறை வைத்திருந்தாராம். எந்த ஊர்ச் சாப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறாரோ, அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்பார்கள் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ராஜ்மா சொல்லிக்கொடுத்த வாரம் மருமகள் காலையில் காப்பியோடு வந்து, "நமஸ்தே மாமா," என்றாள். பிரியாணி வாரம் வலது கையை நெற்றி வரைக்கும் கொண்டுபோய் சலாம் சொன்னாள். மக்காச்சோள ரொட்டி வாரத்தில் பஞ்சாபிக்காரர்கள் மாதிரி "சத் ஸ்ரீ அகால்" என்றபோது மரவாடிக்காரருக்குப் புரையேறிவிட்டது.

"வீட்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன் வெச்ச மாதிரி இருக்கு," என்பாள் மாமியார். ஆனால் மரவாடிக்காரருக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. மருமகள் பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது.

அன்று வாழை இலை போட்டாள். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கூட்டு, ரசம் எல்லாம் செய்திருந்தாள். சீரகம் தாளித்த வாசனை கூடம் முழுக்க நின்றது. மரவாடிக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மகன். மனைவி நெய்க் கிண்ணத்தோடு சமையலறை வாசலில் நின்றாள்.

மருமகள் தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து இலைக்கு இடப்பக்கம் வைத்தாள். புதுப்பெண், கை மாறிவிட்டது என்று நினைத்தார். உப்பு வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொன்னதனால் இருக்கும் என்று நினைத்தார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் சோறும் பருப்பும் கூட்டும் வைத்தாள். பிறகு குனிந்து, இலையின் ஓரத்தை மடக்கிய இரண்டு விரல்களால் மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். நிமிர்ந்தாள். கைகூப்பினாள். தலையைத் தாழ்த்தியபடியே இரண்டடி பின்னால் போய் நின்றுவிட்டாள்.

நெய்க் கிண்ணம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. நெய் ஓடியதை யாரும் பார்க்கவில்லை.

மருமகள் தலை நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பரீட்சை நன்றாக எழுதிவிட்ட பிள்ளையின் சிரிப்பு. எதிரே இருந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே நீ," என்றான் மகன்.

"ஏன்? என்னாச்சு?"

"பாவி," என்றாள் மாமியார். "உயிரோட வந்து உக்காந்திருக்கற மனுஷனுக்கு எதை வெச்சே? யாருக்கு வெக்கறதை யாருக்கு வெச்சே?"

"அத்தை, நான் மரியாதையாத்தான்..."

"டாக்டர் உப்பு வேண்டாம்னாரும்மா. அதனால வெக்காம விட்டிருப்பா," என்று மகன் இடையில் புகுந்தான்.

"தண்ணியை இடப்பக்கம் வெக்கச் சொன்னதும் டாக்டர்தானாடா? வாயைத் தெச்சுக்கிட்டுக் கும்பிடச் சொன்னதும் அவர்தானா?" மாமியார் மருமகள் பக்கம் விரலை நீட்டினாள். "ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி இன்னும் ஒரு பொழுது போகலை. இவளுக்கு அவசரம்."

இறந்துபோனவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலை போடும் நாள், அவள் வந்த பிறகு இன்னும் வரவில்லை. மருமகளுக்கு அப்போதுதான் பாதி புரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

மரவாடிக்காரர் இலையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பில்லாததும், தண்ணீர் இடம் மாறியதும், கைகூப்பியதும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியும். அந்தத் தட்டல் யாருக்கும் தெரியாது. அது அவருடைய அப்பா காட்டிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை செய்ததற்குப் பிறகு ஒருநாளும் அவர் அதைச் செய்ததில்லை. மனைவி அதைப் பார்த்ததில்லை. மகன் பார்த்ததில்லை. எங்கிருந்தோ வந்த இந்தப் பெண்ணின் விரலுக்கு அது எப்படி வந்தது?

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

"டீச்சர், மாமா. ஞாயித்துக்கிழமை மாமாவுக்கு நான்தான் சமைக்கிறேன்னு சொன்னேன். தினமும் போடற மாதிரி இல்லை, உங்க வீட்டுப் பெரியவருக்குத் தனி மரியாதைன்னா இப்படித்தான் பரிமாறணும்னு தனியாக் கூப்பிட்டு சொல்லிக் கொடுத்தாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன்."

"நம்ம வீட்டுப் பழக்கம் எந்த டீச்சருக்குத் தெரியும்? கதை சொல்றா," என்றாள் மாமியார். "எங்க பேச்சையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு இன்னைக்குத் தீத்துக்கிட்டா. இவ அவங்க அம்மா வீட்டுக்குப் போகட்டும். இனிமே இவ கையால இந்த வீட்ல ஒரு வாய் தண்ணி யாரும் குடிக்க மாட்டாங்க."

மரவாடிக்காரர் இலையைத் தொடாமல் எழுந்தார். "தெரிஞ்சு செஞ்சிருந்தா போகட்டும். தெரியாம செஞ்சிருந்தா இருக்கட்டும். நாளைக்கு சாயந்திரம் நானே போய் அந்த டீச்சரைக் கேக்கறேன். இவளும் வரணும். அதுவரைக்கும் யாரும் எதுவும் பேச வேண்டாம்."

ஆனால் மருமகள் அன்று அடுப்புப் பக்கம் போகவில்லை. போகவிடவில்லை. மாமியார் வைத்த கஞ்சியைத்தான் எல்லாரும் குடித்தார்கள்.

மறுநாள் சாயந்திரமும் தூறல். மகன் கார் எடுக்கிறேன் என்றான். "மரவாடி கார் அந்தத் தெருவுல நின்னா எதுக்குன்னு கேப்பான்," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மருமகளோடு நடந்தார். மருமகள் இன்னொரு குடையில் அவருக்குப் பின்னால் வந்தாள். பக்கத்தில் வர அவளுக்கும் துணிவில்லை, வா என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

நடக்க நடக்க அவருக்குள் ஒரே ஒரு முகம்தான் நின்றது.

அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் மைனா என்று கூப்பிடுவார்கள். மரவாடிக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவரோடு அவள் ஒருநாள் போய்விட்டாள். காய்ச்சலில் செத்துவிட்டாள் என்று அப்பா ஊருக்குச் சொன்னார். வெளியூரில் காரியம் முடிந்துவிட்டது என்றார். வீட்டில் அவளுக்கு இலை போடச் சொன்னார். மூத்த பிள்ளை என்ற முறையில் பரிமாறியது மரவாடிக்காரர்தான். உப்பு வைக்காமல், தண்ணீரை இடப்பக்கம் வைத்து, அப்பா காட்டியபடி இலையின் ஓரத்தைத் தட்டி, கைகூப்பி நிமிர்ந்தபோது, திறந்திருந்த பின்வாசலுக்கு அப்பால், அடுக்கிய பலகைகளுக்கு நடுவே மைனா நின்றிருந்தாள். சமாதானம் பேச வந்தாளோ, துணி எடுக்க வந்தாளோ தெரியாது. அவள் இலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கூப்பிய கையை இறக்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார்.

பிறகு பார்த்தபோது பலகைகள் மட்டும் இருந்தன.

அதற்குப் பிறகு வந்த மனைவிக்கு, தங்கை காய்ச்சலில் போனவள்தான். அப்பா இறந்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. வருஷா வருஷம் பெரியவர்களுக்கு இலை போடும் நாளில் மைனாவுக்கும் ஒரு இலை விழுந்தது. பார்த்தே இராத நாத்தனாருக்காக மனைவி பூசணிக்காய் வாங்கிக் கூட்டு செய்வாள். சின்ன வயசில் போய்விட்டாளே என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

அந்தத் தட்டலைப் பார்த்தவர்கள் மூன்று பேர். அப்பா இல்லை. அவர் இருக்கிறார். இன்னொருத்தி இருக்கிறாளா என்பதே இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது.

வகுப்பு ஒரு பழைய துணிக்கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டு குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். "மாமா, கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மருமகள். "வேண்டாம்," என்றார். அடுத்த திருப்பத்தில் அவரே கையை நீட்டினார்.

மேலே நீளமான கூடம். சுவரோரம் வரிசையாக காஸ் அடுப்புகள், நடுவில் துத்தநாகத் தகடு அடித்த பெரிய மேஜை. வெங்காயமும் இஞ்சியும் வதங்கும் புகையில் டியூப்லைட் மங்கலாகத் தெரிந்தது. வாசலுக்குப் பக்கத்து அடுப்பில் ஒரு ஆட்டோக்காரர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு யார் வந்தாலும் பக்கத்தில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டு வரவேற்க வேண்டும் என்பது வகுப்பு விதி. அவர் பூரிக்கட்டையைக் கீழே வைக்க மறந்து, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்தபடியே கும்பிட்டார்.

"நமஸ்தே ஐயா. வணக்கம். சலாம். உங்களுக்கு எது சேருமோ எடுத்துக்குங்க. ஹோட்டல்ல இருந்து ஆள் பாக்க வந்திருக்கீங்களா?"

கூடமே சிரித்தது. தபால்காரராக இருந்து ரிட்டயரான ஒருவர், "கட்டையைக் கீழ வெய்யா. கும்பிடறியா அடிக்கப் போறியான்னே தெரியலை," என்றார்.

கரும்பலகை முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்த டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பினாள். முடி நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கழுத்து மட்டும் அப்படியே அப்பாவின் கழுத்து, வளையாத கழுத்து.

மரவாடிக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மருமகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

டீச்சரின் சிரிப்பு அடங்கியது. "எல்லாரும் அடுப்பைச் சின்னதாக்கிட்டு கீழ போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள்.

"டீச்சர், ராஜ்மா?"

"அதை நான் பாத்துக்கறேன். போங்க."

காலடிச் சத்தங்கள் படிக்கட்டில் இறங்கி ஓய்ந்தன. குக்கர் ஒருமுறை சீறிவிட்டு அடங்கியது.

"வாசலுக்கு யார் வந்தாலும் வணக்கம் சொல்லணும்னு நான்தான் பாடம் எடுக்கறேன். அதனால சொல்றேன். வணக்கம்," என்றாள் டீச்சர்.

மரவாடிக்காரர் கரும்பலகையைப் பார்த்தார்.

"பதில் சொல்லணும்னும் பாடத்துல இருக்கு."

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், மாமாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்கு சோறு போட்டிருக்கார்."

"மைனா," என்றார் மரவாடிக்காரர். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. "இந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. நல்ல பொண்ணு." அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "என் வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் போன வருஷம்தான் இந்த ஊருக்குத் திரும்பி வந்தேன். மரவாடிப் பக்கம் வரலை. வரவும் மாட்டேன். ஒருநாள் வகுப்புல, அவங்கவங்க வீட்ல எப்படிப் பரிமாறுவாங்கன்னு சொல்லுங்கன்னேன். இவ எழுந்து நின்னு, எங்க வீட்ல முதல்ல உப்பு, தண்ணி வலதுபக்கம், வாயைத் திறந்து 'சாப்பிடுங்க'ன்னு சொல்லணும்னு சொன்னா. எந்த வீடுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சரி, நம்ம பையனோட பொண்டாட்டின்னு பாக்கப் பாக்க ஆசையாத்தான் இருந்தது. அப்புறம் இவளே சொன்னா, செத்துப்போன சின்ன அத்தைக்கு அடுத்த மாசம் இலை போடணும், அதுக்குள்ள பூசணிக்கூட்டு கத்துக்கணும் டீச்சர்னு."

மருமகளின் முகம் வெளுத்தது. "சின்ன அத்தையா? டீச்சர், நீங்களா?"

"நான்தான். எனக்கு வெக்கற கூட்டை நானேதான் உனக்கு சொல்லிக் கொடுத்தேன்." டீச்சர் அவரைப் பார்த்தாள். "அப்பாவோட அது போயிருக்கும்னு நினைச்சேன். நீ இன்னும் போடறியா?"

"போடறேன்."

"எதுக்கு?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு மாதிரி இருந்தது. "வருஷா வருஷம் நல்லா சாப்பிட்டேனா?"

"காக்கா சாப்பிட்டுச்சு," என்றார் அவர், நிஜமாகவே பதில் சொல்வதுபோல.

"எங்க வீட்ல எனக்குக் கடைசியாச் சொன்ன வணக்கம் அதுதான். அதை நான் மறக்கலை, விரலைத் தட்டினது வரைக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தேன். சேர வேண்டியவருக்குச் சேந்துடுச்சு."

மரவாடிக்காரரின் முதுகு நிமிர்ந்தது. இவ்வளவு நேரம் மேஜையைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"என்னை அடிக்கணும்னா நீ மரவாடிக்கு வந்து அடிச்சிருக்கலாம். நின்னு வாங்கிக்குவேன். இந்தப் பொண்ணு கையில எதுக்குக் கொடுத்தே? வீட்ல இவளை அம்மா வீட்டுக்கு அனுப்புன்னு ஒருத்தி உக்காந்திருக்கா. நீ நின்ன அதே பின்வாசல்ல இன்னைக்கு இவ நிக்கணும். அதுதான் உனக்கு வேணுமா?"

டீச்சர் மருமகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்றேன். நேத்து காலையிலதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன். நெஞ்சுல அடைப்பு. வீட்டுக்கு வந்து உக்காந்த முதல் சோறு அது."

அவர் உட்காராத முக்காலியில் டீச்சர் உட்கார்ந்தாள். "வெளியூர் போயிருக்கார்னு இவ சொன்னா."

"மாமாதான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லச் சொன்னாங்க," என்றாள் மருமகள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது அண்ணா."

அண்ணா என்ற சொல் கூடத்தில் நின்றது.

மருமகள் அழவில்லை. அழுவாள் என்று இருவருமே எதிர்பார்த்தார்கள். அவள் போய் ராஜ்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அடி பிடிக்கும் வாசனை அப்போதுதான் எழும்பியிருந்தது.

"நீங்க மரியாதைன்னு சொன்னீங்க டீச்சர். நான் நம்பினேன். மாமா, நீங்க வெளியூர்னு சொல்லச் சொன்னீங்க. அதையும் சொன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேச வேண்டியதை என்னை வெச்சுப் பேசிக்கிட்டீங்க. என்கிட்ட யாரும் பேசலை."

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் இப்படி நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

மரவாடிக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். மனைவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஆஸ்பத்திரி இரைச்சலில் கேட்பதற்காகக் கூட்டி வைத்த சத்தத்தை அவர் இன்னும் குறைக்கவில்லை.

"என்னங்க, கேட்டீங்களா? தெரிஞ்சுதான செஞ்சா? நான் அவ பெட்டியை எடுத்து வாசல்ல வெச்சிட்டேன்."

"பெட்டியை உள்ள வை. மழை பெய்யுது."

"அப்ப அவ போகலையா?"

"போக மாட்டா. அவளுக்கு எதுவும் தெரியாது. அது அவ வீடு, இருப்பா."

"அப்புறம் எவ சொல்லிக் கொடுத்தாளாம்? அந்த டீச்சர்காரி யாராம்? நாலு வார்த்தை கேட்டீங்களா இல்லையா?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்திருக்கியா?"

"எதுக்கு?"

"உக்காரு. அடுத்த மாசம் இலைக்குப் பூசணிக்கா சொல்லி வெச்சியே, வேண்டாம். இலையில ஒண்ணு குறைச்சுக்கோ."

"என்ன பேசறீங்க? என் நாத்தனாருக்கு..."

"அவ இருக்கா," என்றார் மரவாடிக்காரர்.

போனில் பேச்சு நின்றுவிட்டது. அவள் பின்னால், ஈரக் கட்டையை அறுக்க முடியாமல் ரம்பம் இழுத்து இழுத்து அழுகிற சத்தம் மட்டும் வந்தது. "வந்து சொல்றேன்," என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

"வீட்டுக்கு வான்னு நான் கூப்பிட மாட்டேன்," என்றார் தங்கையிடம். "கூப்பிடற மூஞ்சி எனக்கில்லை."

"கூப்பிட்டாலும் வர மாட்டேன்," என்றாள் அவள். "அந்தப் பின்வாசலை என்னால தாண்ட முடியாது."

அவளுடைய கழுத்தும் வளையவில்லை, அவருடைய கழுத்தும் வளையவில்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்.

மருமகள் மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். ராஜ்மா எடுத்து வந்தாள், மேலாக, அடிபிடிக்காத பாகம். ஆட்டோக்காரர் தேய்த்த கோணல் சப்பாத்திகளில் சுட்டிருந்தவற்றை மட்டும் அடுக்கினாள். இரண்டு தட்டுக்கும் வலதுபக்கம் தண்ணீர் டம்ளரை வைத்தாள். பிறகு உப்புக் கிண்ணத்தை எடுத்து, இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"உப்பு நான் வெக்க மாட்டேன். நேத்துல இருந்து என் கை எனக்கே பயமா இருக்கு. பெரியவங்க நீங்க வைங்க, மாமா."

மரவாடிக்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். தங்கைக்கு எதிரில். கிண்ணத்தில் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். தன் தட்டில் வைக்கவில்லை. கையை நீட்டி அவளுடைய தட்டின் ஓரத்தில் வைத்தார்.

வைத்தால் போதாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பேசாமல் வைத்தால் அது அந்தப் பழைய இலைதான். அவர் வாயைத் திறந்தார். 'சாப்பிடு' என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ஊறிய கட்டையில் ரம்பம் நிற்பதுபோல அங்கேயே நின்றது. கீழே டீ குடிக்கப் போனவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அவள் தட்டைப் பார்த்தபடி, அசையாமல் காத்திருந்தாள்.

"போதுமா?" என்றார்.

அவள் தட்டின் ஓரத்திலிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வை," என்றாள்.